ஆளுக்கு முன்னே எழும் கை

ரொட்டிக் கடை வாசலில் வழுக்கி விழுந்த லெஷெக் காவ்ரோன், எழுவதற்கு முன்பு இடது கையை மட்டும் நேராக மேலே தூக்கினார். உடம்பு உறைபனிமேல் மல்லாந்து கிடக்கிறது. கருவிப்பெட்டி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். கை மட்டும் வகுப்பில் விடை தெரிந்த மாணவனுடையதைப் போல விறைப்பாக நிற்கிறது. வரிசையில் நின்ற யாரும் பதறவில்லை. "கை வந்துடுச்சு, ஆளு நல்லாத்தான் இருக்கார்" என்று கடைக்கார ஹலினா உள்ளேயிருந்தே சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு ரொட்டியை எடுத்து நீட்டினாள். அதற்குப் பிறகுதான் லெஷெக் எழுந்து, பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு, தன் வழக்கமான வசனத்தைச் சொன்னார்: "எலும்புதானே, ஒட்டிக்கும்."

நான் அவருக்கு நேர் கீழ்வீட்டில் குடியிருப்பவன். இதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். மாடிப்படியில் கால் தடுக்கினாலும் அந்தக் கை எழும். பந்தய ஓட்டியான அவர், குளிர்காலத்தில் பந்தயம் கிடையாது என்பதால் ஊருக்குக் குழாய் வேலை செய்வார். எங்கள் சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது ஸ்பானர் நழுவி அவர் நெற்றியில் விழுந்தது. கத்துவார் என்று பார்த்தால், தொட்டிக்கு அடியிலிருந்து இடது கை வெளியே வந்து என் மூக்குக்கு நேரே நின்றது.

"யாருக்குக் காட்டுறீங்க?" என்றேன்.

"யாருக்கும் இல்ல. பழகிப்போச்சு. அந்தத் துணியை எடுங்க."

இப்படி ஒரு பதிலைச் சொல்லி என்னிடமிருந்து தப்பிவிட முடியுமா? அடுத்த வீட்டுச் சமாச்சாரம் என்றால் எனக்குப் பசி, தூக்கம் தெரியாது. அந்தக் கை எதற்காக எழுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

எங்கள் ஊர் லிபோவாக்காரர்களுக்கு லெஷெக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையில் கோவில், மதியம் கோழி சூப், சாயங்காலம் மோட்டார் சைக்கிள் பந்தயம். மண் பாதை, அணிக்கு இரண்டாக நான்கு வண்டி, நான்கு சுற்று. வண்டிக்கு பிரேக் கிடையாது. வளைவில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, இரும்பு அடி போட்ட இடது பூட்ஸைத் தரையில் தேய்த்துக்கொண்டு, எப்போதும் இடது பக்கமே திரும்ப வேண்டும். நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். "வலது பக்கமே திரும்பாம வாழ்நாள் பூரா சம்பாதிச்ச ஒரே ஆளு நீங்கதான்" என்று அவரைச் சீண்டுவேன். "உங்க வண்டியில பிரேக் இருக்கு. அதுல என்ன ஓட்டுறது?" என்று திருப்பிக் கொடுப்பார்.

பள்ளிக்கூடப் பையனாக வண்டி ஏறியவர். இருபத்தாறு வயதில் நாட்டுச் சாம்பியன். அன்று ஊரே அவரைத் தோளில் சுமந்து சந்தைத் திடலைச் சுற்றி வந்தது, அதுவும் இடது பக்கமாகவே. அன்று வாங்கிய கோப்பையில் இப்போது அவர் மனைவி இவோனா குடைகளைச் செருகி வைத்திருக்கிறார். சாம்பியன் ஆன பிறகு செவ்வாய்க்கிழமை ஸ்வீடனில் ஒரு அணி, புதன்கிழமை டென்மார்க்கில் ஒரு அணி, ஞாயிற்றுக்கிழமை லிபோவா என்று வேனிலேயே தூங்கி, வேனிலேயே தின்று, வேனிலேயே சண்டை போட்டு வாழ்ந்த தம்பதி அவர்கள். இவோனா ஓட்ட, லெஷெக் பின்னால் வண்டிகளுக்கு நடுவே படுத்திருப்பார். இன்றும் பந்தய வண்டிக்கு ஊற்றும் மெத்தனாலின் வாசனை இல்லாத அறையில் அவருக்குத் தூக்கம் வருவதில்லையாம். இதை நான் நம்பவில்லை. ஆனால் அவர்கள் வீட்டுப் படுக்கையறையைத் தாண்டிப் போனால் மூக்கில் ஏறத்தான் செய்கிறது.

பந்தயம் கிளம்பும் முன் ஓட்டிகள் சக்கரம் நிற்கப்போகும் இடத்தை பூட்ஸால் கீறிச் சமன் செய்வார்கள். லெஷெக் எங்கே வரிசையில் நின்றாலும் அதைச் செய்வார். வங்கியில் கீறுவார், மருந்துக் கடையில் கீறுவார். ஒரு ஈஸ்டர் அன்று நற்கருணை வாங்க நின்றபோதும் கீறிக்கொண்டிருந்தார். "மெதுவா வா லெஷெக், எல்லாருக்கும் கிடைக்கும்" என்று பாதிரியார் சொல்ல, கோவிலே குலுங்கிச் சிரித்தது.

கைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் விளையாட்டின் அழுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓட்டத்தின் நடுவில் ஒருவர் விழுந்து, எழுந்து ஓரமாகப் போய்விட்டால் ஓட்டம் தொடரும். எழாமல் கிடந்தால் நடுவர் சிவப்பு விளக்கைப் போட்டு ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும். விழுந்தவர் வெளியே. மற்ற மூவரும் மறுபடி முதலிலிருந்து கிளம்புவார்கள். ஆகவே, தன் கூட்டாளி பின்தங்கியிருக்கும்போது விழுகிறவருக்கு எழ மனசு வருமா? கால் நன்றாக இருந்தாலும் செத்தவர் மாதிரிக் கிடப்பார். கிடக்கவில்லை என்றால் ரசிகர்களே விடமாட்டார்கள். "படு! படு!" என்று பத்தாயிரம் பேர் கத்துவோம். நானும் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். எதிர் அணிக்காரன் படுத்தால் மட்டும் ஊளையிடுவோம்.

சின்ன வயதில் லெஷெக்கைப்போல் படுக்க ஆளே கிடையாது. ஒரு காலை லேசாக உதறி, தலையைச் சாய்த்து, மூச்சை அடக்கிக் கிடப்பார். பெண்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் எழுந்து கையை ஆட்டிக்கொண்டே போவார்.

மற்றதை இவோனாவிடமிருந்து கேட்டேன். மைதானத்தில் என் இருக்கை அவர் இருக்கைக்குப் பக்கத்தில், மூன்றாவது வளைவில். ஒரு நாள் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினேன். லிபோவாவில் விதை கொறிக்காமல் பந்தயம் பார்க்கிறவர் உண்டா? அவர் பாம்பைக் கண்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"ஒரு தடவ அவன் விழுந்தப்போ நான் இதைத்தான் கொறிச்சிட்டிருந்தேன்" என்றார். "சாம்பியன் ஆன அடுத்த வருஷம். இதே வளைவு. அசையாமக் கிடந்தான். எதிர் அணிக்காரங்க ஊளையிட்டாங்க. நான் சிரிச்சேன். 'பாருங்க என் புருஷனை, எப்படிக் கிடக்கான்'னு பக்கத்துல இருந்தவளோட தொடையைத் தட்டிச் சொன்னேன். ஒரு கைப்பிடி விதை தின்னு முடிச்சிட்டேன். அப்புறந்தான் டாக்டர் ஓடினாரு."

இடுப்பெலும்பு, முதுகில் இரண்டு இடம், வலது தோள். லெஷெக் அந்தக் குளிர்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்தார். எலும்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. இவோனாவுக்குத்தான் விதை தொண்டையில் இறங்கவில்லை. மறுபடி வண்டி ஏறும் முன் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். விழுந்தால் முதல் காரியம் கையைத் தூக்குவது. எனக்கு ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தம். கை எழவில்லை என்றால் இவோனா வேலி தாண்டி ஓடிவருவார். வலது தோளில் தகடு இருப்பதால் அந்தக் கை முழுசாக உயராது. ஆகவே இடது.

அன்றிலிருந்து லெஷெக் ஒருமுறைகூடப் படுத்ததில்லை. அதனால் அணி சில பந்தயங்களில் தோற்றிருக்கிறது. அவர் ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில் ஊர் அதைப் பொறுத்துக்கொண்டது. முப்பத்தொன்பது வயதில் யார் பொறுப்பார்கள்?

இந்தச் செப்டம்பரில் அந்தச் சோதனை வந்தது. பக்கத்து ஊர் ஸ்டாவ்னோவுடன் கடைசிப் பந்தயம். தோற்கிற அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். ஸ்டாவ்னோவிடம் தோற்று இறங்குவதைவிட மைதானத்தை உழுது உருளைக்கிழங்கு போடலாம் என்று ஹலினா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று மதியம் இவோனா என்னைச் சூப் குடிக்கக் கூப்பிட்டிருந்தார். சூப் ஆறுவதற்குள் பயிற்சியாளர் ரிஷார்ட் வந்து நின்றார். உட்காரவில்லை.

"லெஷெக், உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு. விழுந்து, நமக்குப் பாதகமா இருந்தா, படுத்துக் கிட. அந்தக் கையைக் கொஞ்சம் கட்டிப்போடுப்பா."

லெஷெக் சூப்பில் கிடந்த நூடுல்ஸைக் கரண்டியால் சுற்றிக்கொண்டிருந்தார். இவோனாதான் பதில் சொன்னார். "சரி ரிஷார்ட். இன்னைக்கு ஒரு நாள் தூக்க மாட்டான்."

ரிஷார்ட் இவோனாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டுப் போனார்.

"நீ எப்படிச் சொல்லலாம்?" என்றார் லெஷெக்.

"ஊரே வயித்துல நெருப்பைக் கட்டிட்டு நிக்குது. ஒரே ஒரு நாள். நீ கிடந்தா, நடிக்கிறேன்னு நான் நினைச்சுக்கறேன்."

"நடிக்கலன்னா?"

இவோனா நிறைந்திருந்த கிண்ணத்தில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். சூப் வழிந்து மேசை விரிப்பெல்லாம் ஆனது. நான் என் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி ஓட்டம் வரை இழுத்தது. நாங்கள் இரண்டே புள்ளி முன்னால். ஸ்டாவ்னோவின் இரண்டு பேரும் முதல் இரண்டு இடத்தில் வந்தால் நாங்கள் கீழே. எங்களுக்கு லெஷெக்கும், யென்ஸ் என்கிற டேனிஷ்காரனும். கிளம்பும் கோட்டில் கட்டிய கயிறு மேலே போனதும் யென்ஸின் வண்டி இருமிவிட்டுக் கடைசிக்குப் போனது. லெஷெக் மட்டும் உள்பக்கமாகப் புகுந்து இரண்டாவதாகப் போனார். அப்படியே போனால் போதும். மைதானம் முழுக்க எழுந்து நின்றோம். எங்கள்மேல் மண் கொட்டியது. யாரும் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

இரண்டாவது சுற்று, எங்கள் வளைவு. வழுக்க வேண்டிய பின்சக்கரம் திடீரென்று மண்ணைப் பற்றிக்கொண்டது. வண்டி நிமிர்ந்து அவரைத் தூக்கி எறிந்தது. உருண்டு போய் எங்களுக்கு நேர் கீழே, வேலியோரமாக விழுந்தார். ஸ்டாவ்னோக்காரர்கள் இருவரும் முன்னால் பறந்தார்கள். யென்ஸ் எங்கோ பின்னால். லெஷெக் படுத்தால் ஓட்டம் நிற்கும், யென்ஸ் மறுபடி கிளம்பி ஜெயிக்கலாம், ஊர் பிழைக்கலாம்.

"படு! படு! படு!" என்றது மைதானம்.

அவர் படுத்துத்தான் கிடந்தார். அசையவில்லை.

"கெட்டிக்காரன்யா!" என்று பின்வரிசையில் ஹலினா துள்ளினாள்.

இவோனாவின் நகம் என் முழங்கையில் இறங்கியது. "நடிக்கிறான்" என்றார். "நடிக்கிறான்ல? நீங்க சொல்லுங்க, நடிக்கிறான்ல?"

"தெரியலையே அம்மா" என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை.

இவோனா என் கையை விட்டுவிட்டு, வேலிக் கம்பியைப் பிடித்து ஒரு காலை மேலே வைத்தார். அந்த நேரத்தில் கீழே மண்ணுக்குள்ளிருந்து ஓர் இடது கை எழுந்தது. நேராக, விறைப்பாக, எங்கள் பக்கம் பார்த்து.

நடுவர் விளக்கைப் போடவில்லை. ஏன் போடுவார்? கை தூக்குகிறவருக்கு ஒன்றுமில்லை என்று நாடே அறியும். லெஷெக் எழுந்து, வண்டியை இழுத்துக்கொண்டு நடுப் புல்தரைக்கு நொண்டி ஓடினார். ஓட்டம் முடிந்தது. ஸ்டாவ்னோக்காரர்கள் தங்கள் கொடிகளை உயர்த்தினார்கள்.

அப்புறம் விசில். எங்கள் ஊரில் அது பாராட்டு இல்லை, வசவு. நான் கேட்ட விசில்களிலேயே மோசமானது. அது லெஷெக்கோடு நிற்கவில்லை, எங்கள் வரிசைக்கும் வந்தது. "உன் புருஷன் கை நம்ம ஊரையே கவுத்துடுச்சுடி!" என்று ஹலினா அழுதுகொண்டே கத்தினாள். "உனக்காகத்தானே தூக்கினான்? உனக்காகத்தானே?" நாலைந்து பேர் இருக்கைகளைத் தாண்டி வந்து இவோனாவைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ ஒருவன் பீர்க் கோப்பையை அவர் தலையில் கவிழ்த்தான். நான் அவனைச் சட்டையைப் பிடித்துத் தள்ளினேன். எனக்கும் ஒரு குத்து விழுந்தது.

புல்தரையில் லெஷெக் ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தார். ரிஷார்ட் ஏதோ கத்துகிறார், யென்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். லெஷெக் எவரையும் பார்க்கவில்லை. எங்கள் வளைவையே பார்த்தார். கூட்டத்துக்குள் இவோனாவின் தலை மறைந்ததைக் கண்டவுடன், ஹெல்மெட்டைக் கீழே போட்டுவிட்டு, இரும்பு பூட்ஸைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மண் பாதையின் குறுக்கே எங்களை நோக்கி ஓடிவரத் தொடங்கினார்.

இவோனா அதைப் பார்த்தார். தலையிலிருந்து பீர் வழிய, ஆட்களை விலக்கிக்கொண்டு இருக்கையின்மேல் ஏறி நின்று, தன் இடது கையை நேராக மேலே தூக்கினார்.