எங்கள் வீட்டில் சாயா குடித்த காண்ட்ராக்டர்

ஒரு ஆள் நல்லவரா கெட்டவரா என்று கண்டுபிடிக்க என் அம்மாவிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. வீட்டுக்கு வந்தவருக்குச் சாயா போட்டுக் கொடுப்பாள். குடித்தால் நல்லவர். "இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லித் தம்ளரைத் தொடாமல் போனால் அந்த ஆளைப் பற்றி அதற்குமேல் பேச்சே கிடையாது.

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து எது என்று எல்லோருக்கும் தெரியும். முனிசிப்பாலிட்டியில் சாக்கடையும் கக்கூஸ் குழியும் சுத்தம் செய்வதற்கென்றே தமிழ்நாட்டிலிருந்து ஒரு காலத்தில் கூட்டி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நாங்கள். அப்பாவும் அந்த வேலைதான் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் என் பெயர் தெரிவதற்கு முன்னாலேயே என் சந்து தெரிந்துவிடும். அதனால் அம்மாவின் சாயாப் பரீட்சையைப் பார்த்து நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

அப்பா ரிட்டையர் ஆன அன்று கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றாமல் வீட்டுக்கு வந்தார். "இனி இந்த உடம்பு குழிக்குள்ள எறங்காது" என்று அம்மாவிடம் சொன்னார். பல வருஷங்களுக்கு முன்னால் அவரோடு ஒன்றாக வேலை பார்த்த ஒருவர், ஏதோ ஓட்டலின் பின்பக்கத்துக் குழியில் இறங்கினவர், ஏறி வரவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றது அப்பா. அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் அவர் இறங்கத்தான் செய்தார். வேறு என்ன செய்வார், மகள் என்னைப் படிக்க வைக்க வேண்டுமே. நான் மிளகு, சுக்கு ஏற்றுமதி செய்கிற ஆபீஸ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருந்த ஒரே ஆசை அந்த மனுஷன் சொன்ன அந்த ஒரு வார்த்தை நிற்க வேண்டும் என்பதுதான். கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைப் போல அதை நாங்கள் மூன்று பேரும் காத்துவந்தோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்மா ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆகி வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கினாள். ஆனால் குந்தி உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக் கக்கூஸோ குந்தி உட்காருகிறது. போதாததற்கு, விருச்சிக மாதத்தில், அதாவது கார்த்திகையில், கடல் ஏறி ஓடைத் தண்ணீர் பொங்குகிறபோது குழியில் இருப்பதெல்லாம் திரும்பி மேலே வரும். தரையை உயர்த்தி, யூரோப்பியன் கக்கூஸ் வைத்து, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டு, குழியையும் காலி செய்து உயர்த்திக் கட்டினால்தான் அம்மா தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியும்.

காண்ட்ராக்டர் தேடினோம். முதலில் வந்தவர் வாசலிலேயே நின்று, எட்டிப் பார்த்து, சாயா வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்தவர் உள்ளே வந்தார், அளவெடுத்தார். அம்மா நீட்டிய தம்ளரைப் பார்த்ததும் அவருக்கு வயிற்றுப் புண் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உள்ளூர்க்காரனே வேண்டாம், நம்மைத் தெரியாத ஆளாகப் பார்ப்போம் என்று, ஆபீஸில் ஒருவரிடம் கேட்டு, இடக்கொச்சியிலிருந்து ஒரு காண்ட்ராக்டரை வரச் சொன்னேன்.

அவர் வந்தார். பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுகிற, சிரித்த முகமுள்ள மனுஷன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரிட்டையர் ஆன அன்று கழுத்து மாலையோடு எடுத்து, சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் போட்டோவைப் பார்த்து, "அச்சனுக்கு எங்கே ஜோலி?" என்று கேட்டார். நான் பேச்சை மாற்றுவதற்குள் அம்மா, "முனிசிப்பாலிட்டில, ஹெல்த்தில" என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். எனக்குத் திக்கென்றது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அம்மா கொண்டுவரச் சொன்ன சாயாவை வாங்கிக் குடித்தார். குடித்து முடித்து, "இன்னும் கொஞ்சம் உண்டோ அம்மே?" என்று தம்ளரை நீட்டினார்.

அவ்வளவுதான். வேறு யாரையும் பார்க்க வேண்டியதில்லை என்று அம்மா அன்றைக்கே முடிவுகட்டிவிட்டாள். எனக்கும் மனசு குளிர்ந்துதான் போயிற்று. மொத்த வேலையும் அவர் பொறுப்பு என்று பேசி முடித்தோம்.

டைல்ஸ் வாங்க அப்பாவும் நானும் பள்ளுருத்திக்குப் போனோம். அம்மா ரோஜாப்பூப் போட்டது வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். "அங்க போயி உக்காந்துட்டு ரோஜாப்பூவைப் பாத்துட்டா இருக்கப் போறா?" என்று அப்பா பஸ்ஸில் வழிநெடுகக் கேலி செய்துகொண்டே வந்தார். கடையில் ஒவ்வொரு டைல்ஸையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்து, கடைசியில் ரோஜாப்பூவைத்தான் எடுத்தார். வேலை தொடங்கிய அன்று ஒரு நாற்காலியைப் பின்பக்கம் போட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "தம்பி, இந்த மூலையில சரிவு போதாது" என்று காண்ட்ராக்டரிடம் சொல்வார். அவரும் "சரி அச்சா, சரி அச்சா" என்பார். வாழ்க்கையில் முதல்முறையாக அப்பாவுக்காக வேறு ஆட்கள் வேலை செய்தார்கள். அந்த மனுஷன் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

காண்ட்ராக்டர் முதல் நாளே எல்லாவற்றையும் இடித்துப் போட்டுவிட்டார். பழைய கக்கூஸ், தரை, குழிக்குப் போகிற குழாய், ஒன்று பாக்கியில்லை. சீக்கிரம் முடியும் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். பக்கத்து வீட்டுக் கக்கூஸும் குந்தி உட்காருகிறதுதான் என்பதால், அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு, அடியில் பக்கெட் வைத்தோம். காலையில் ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் நான் அந்தப் பக்கெட்டை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொட்டிக் கழுவி வைப்பேன். அப்பா எடுக்க வந்தார். "நீ தொடக்கூடாது" என்று கத்தினேன். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இடித்ததோடு வேலை நின்றது. இரண்டு நாள் ஆள் வரவில்லை. பிறகு வந்த காண்ட்ராக்டர் குழி மூடியின் மேல் காலை வைத்துக்கொண்டு, "சேச்சி, இது காலியாக்காம இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

"அப்போ ஆள் கொண்டுவந்து காலி பண்ணுங்க. மொத்தமா சேத்துத்தானே வேலை எடுத்தீங்க."

"என்னோட பணிக்காரங்க இதெல்லாம் தொடமாட்டாங்க சேச்சி. அவங்க கொத்துவேலைக்காரங்க அல்லே."

"பின்ன யாரு தொடுவாங்க?"

அவர் தயங்கவே இல்லை. "அச்சன் இருக்காரு அல்லே. அவருக்குப் பழக்கமான ஜோலிதானே. அது நெனச்சுதானே நான் இந்த வேலையே எடுத்தது."

"எங்கப்பா அதை விட்டாச்சு" என்றேன்.

"விட்டா மறந்து போகுமா சேச்சி?"

அதில் கேலி இல்லை, குத்தல் இல்லை. இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தச்சன் வீட்டில் மரவேலைக்கு ஏன் வெளியாள் என்று கேட்பதைப் போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். வீட்டைவிட்டு இறங்குங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. தோண்டிப் போட்ட தரையையும் உள்ளே ஓட்டை நாற்காலியில் இருக்கிற அம்மாவையும் நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்னொருவர் பாதியில் விட்ட வேலையை வேறு காண்ட்ராக்டர் யாரும் வந்து தொட மாட்டார். முதல் நாளே இடித்துத் தள்ளுவதில் உள்ள சூட்சுமம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நம்ம வீட்டு சாயா குடிச்சானேடி" என்றாள் அம்மா. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சாயா குடிப்பது அந்த மனுஷனுக்கு ஒரு விஷயமே இல்லை. எங்கள் கையால் குடிப்பார், எங்கள் பக்கத்தில் உட்காருவார், அப்பாவை அச்சா என்று கூப்பிடுவார். குழி யாருடையது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே கிடையாது. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போன மற்ற இரண்டு பேரே மேல் என்று எனக்குத் தோன்றியது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நாற்காலியில் இருந்தார். "நீ இதுல தலையிடாத. நான் லாரி வரவழைக்கிறேன்" என்றேன். "சரி மோளே" என்றார். அந்த நாற்காலியைத் தானே மடக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

உறிஞ்சி எடுக்கிற லாரிக்கு அலைந்தேன். ஆபீஸிலிருந்து போன், பூத்திலிருந்து போன். ஒருவர் வந்து பார்த்து, சந்துக்குள் வண்டி நுழையாது, ஹோஸும் எட்டாது என்றார். நீளமான ஹோஸ் வைத்திருக்கிறேன் என்று ஏலூர்ப் பக்கத்திலிருந்து இன்னொருவர் சொன்னார். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தாரே தவிர வரவே இல்லை. இதற்கிடையில் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மூத்திரத்தில் சீழ், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோதுதான் விசாரித்தேன். அவள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறாள். சோற்றையும் ஒரு கைப்பிடியாகக் குறைத்திருக்கிறாள். ஏன் என்று நான் விடாமல் கேட்க, "நீ ஆபீசுக்கு உடுத்திக்கிட்டு நிக்கிற, அந்தப் பக்கெட்டு உன் கையில. அதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்?" என்றாள். வாக்குவாதம் செய்தேன், கெஞ்சினேன், திட்டவும் செய்தேன். தம்ளரை வாயில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டாள். உதடு வெடித்திருந்தது.

மறுநாள் காலை லீவு கேட்டும் கிடைக்கவில்லை, கப்பலுக்குப் போகிற சரக்கு இருந்தது. "நீ போயிட்டு வா, லாரிக்காரனுக்கு நான் போன் பண்றேன்" என்றார் அப்பா. எனக்குச் சந்தேகம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். அவர் போன் செய்து நான் பார்த்ததே கிடையாது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிச் சந்து முனைக்கு வந்ததுமே நாற்றம் அடித்தது. ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. லாரி வந்துவிட்டது என்று ஒரு கணம் நினைத்து வேகமாக நடந்தேன். சந்தில் லாரி வந்த தடயம் எதுவும் இல்லை.

குழி மூடி ஒரு பக்கம் கிடந்தது. கயிறும் பக்கெட்டுகளும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. சுற்றிலும் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தது. அப்பா குழாயடியில் குந்தி உட்கார்ந்து சிவப்புச் சோப்பால் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை தேய்த்துக் கழுவி, மறுபடி சோப்புப் போட்டார். நெஞ்சு வரைக்கும் நனைந்திருந்தார். அப்படியானால் இறங்கியிருக்கிறார். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள்கூட இல்லாமல் இறங்கியிருக்கிறார்.

"அப்பா" என்றேன். அவர் நிமிரவில்லை.

"அம்மாவைத் தண்ணி குடிக்கச் சொல்லு" என்றார்.

சற்றுத் தள்ளி, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு காண்ட்ராக்டர் நின்றிருந்தார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. "பார்த்தோ சேச்சி? காலையில தொடங்கினாரு, சுத்தமா முடிச்சாச்சு. நாளைக்கே நம்ம பணி தொடங்கலாம்" என்றார். பிறகு கைக்குட்டையை இறக்கி, அப்பாவின் பக்கம் திரும்பினார். "அச்சா, இடக்கொச்சியில எனக்கு இன்னும் ரெண்டு வீட்டுல இதே பிரச்சினைதான். ஆள் கிடைக்காம நிக்குது. ஒண்ணு வந்து பார்க்க முடியுமோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து நின்றுவிட்டார். ஈரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து,

"எப்ப வரணும் சார்?" என்று கேட்டார்.