மூன்று மூச்சு

லோர்னா பெல்கிக்குப் பயப்படாத பிள்ளை வெர்மாண்ட் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில் கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் வைத்ததுதான் சட்டம். வரிசையில் யாராவது இடித்துக்கொண்டு நின்றால் போதும், "டேய், இதென்ன மாட்டுக் கொட்டகையா? தள்ளி நில்லுடா!" என்று கத்துவாள். வெளியே பேருந்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கே கேட்கும். நான் மேவிஸ், அந்தப் பள்ளிப் பேருந்தை ஓட்டியவள். எனக்கும் வாய் நீளம் என்பதால் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

ஒருநாள் கோபத்தில் ஒரு தட்டைச் சுவரில் விட்டெறிந்தாள். தலைமையாசிரியை கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டார். தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமை மாலைகளில் தியானக் கூட்டம் நடக்கிறது, கோபத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள். தனியாகப் போக வெட்கப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

கூட்டத்தை நடத்துகிறவர் வெண்டல், ஓய்வுபெற்ற கண் மருத்துவர். கம்பளிக் காலுறையோடு சத்தமில்லாமல் நடப்பார். முதல் நாள் ஆளுக்கொரு உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, பாருங்கள், மோந்து பாருங்கள், பிறகு மெதுவாக மெல்லுங்கள் என்றார். "ஒத்தத் திராட்சைக்கு இவ்வளவு நேரமா? எங்க ஸ்கூல்ல இப்படித் தின்னா மதியச் சாப்பாடு மறுநாள்தான் முடியும்" என்று லோர்னா என் காதில் சொன்னாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கண்ணை மூடி உட்கார்ந்தால் மட்டும் போதாது, அன்றாட வேலையிலும் கவனம் இருக்க வேண்டும் என்பார் வெண்டல். பாத்திரம் கழுவினால் கழுவுகிறோம் என்று தெரிய வேண்டும். போன் அடித்தால் பாய்ந்து எடுக்கக் கூடாது. அந்தச் சத்தத்தையே தியான மணியாக நினைத்து, மூன்று மூச்சு விட்டு, மனம் அடங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும்.

எனக்கு இதெல்லாம் ஒட்டவே இல்லை. லோர்னா மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உருளைக்கிழங்கு சீவும்போது பேச்சே கிடையாது. முன்பெல்லாம் மகன் ராடி போன் பண்ணினால், "என்னடா, மறுபடியும் காரை இடிச்சிட்டியா?" என்றுதான் ஆரம்பிப்பாள். இப்போது மூன்று மூச்சு விட்டு, "சொல்லுப்பா" என்றாள். பையன் பயந்துபோய் என்னிடம் கேட்டான், "மேவிஸ் ஆன்ட்டி, அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஜனவரியில் ஒரு ராத்திரி ராடியின் கார் பனியில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. பனி தள்ளும் வண்டிக்காரர் விடிந்த பிறகுதான் பார்த்தார். விழுந்தவுடனே உயிர் போயிருக்கும், பையனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று ஊரே சொல்லித் தேற்றிக்கொண்டது. லோர்னா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அடக்கத்தன்று அவள் அழவில்லை. முட்டை சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயையும் மெதுவாக மென்று விழுங்கினாள். "என்ன ஒரு அமைதி பாருங்க, தியானம் பண்ணினது வீண் போகல" என்று தியானக் கூட்டத்துப் பெண்கள் கிசுகிசுத்தார்கள். அமைதியாம், மண்ணாங்கட்டி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரில் வீட்டுக்குத் திரும்பும்போது அவளே சொன்னாள்: "கை கழுவுறப்போ தண்ணி சூடா இருக்குன்னு தெரியுது மேவிஸ். ஆனா சுடல."

பள்ளிக்கூடத்தில் விடுப்பு கொடுத்துவிட்டார்கள். கடைக்குக்கூட நான்தான் போய்வந்தேன். வியாழக்கிழமைக் கூட்டம் ஒன்றுக்குத்தான் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஆனால் அங்கே ஒரு புதுச் சிக்கல். எல்லோரும் போனை அணைத்து வாசலில் இருக்கும் கூடையில் போட வேண்டும். லோர்னா போடமாட்டாள். மடியில் வைத்துக்கொள்வாள். அது அடித்தால், அடித்த கணமே எடுப்பாள். எல்லோரும் மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் அவள் குரல் கேட்கும்: "சொல்லு, சொல்லு."

ஆளாளுக்குப் புகார் சொன்னார்கள். வெண்டல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு தடவை அடிச்சா, கொஞ்ச நாள் வராம இருக்கச் சொல்ல வேண்டியிருக்கும், மேவிஸ். மத்தவங்களையும் பாக்கணும்ல."

"இதையும் நிறுத்திட்டீங்கன்னா அவ வீட்டுச் சுவத்தப் பாத்துக்கிட்டே கெடப்பா. நல்லா இருக்கு உங்க கருணை!" என்று கேட்டுவிட்டு வந்தேன். லோர்னாவிடமும் சொன்னேன். "சரி" என்றாள். அடுத்த வியாழன் அதே போன் அதே மடியில் இருந்தது.

அன்று வெண்டல் மணி அடித்ததும் நாங்கள் கண்ணை மூடி ஓரளவு அடங்கியிருந்தோம். போன் அடித்தது. அடித்து முடிக்கவில்லை, எடுத்துவிட்டாள்.

"சொல்லு, சொல்லு."

பதிவு செய்த விளம்பரக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கார் உத்தரவாதம் முடியப் போகிறதாம், நீட்டிக்க ஒன்றை அழுத்த வேண்டுமாம். லோர்னா அதைக் கடைசி வரைக்கும் கேட்டாள். குரல் நின்ற பிறகும் காதிலிருந்து எடுக்கவில்லை.

வெண்டல் இருக்கையிலிருந்து முன்னால் சாய்ந்தார். "லோர்னா, நாம என்ன பழகினோம்? போன் அடிச்சா மூணு மூச்சு..."

"விட்டேனே" என்றாள் அவள். இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டால் பதில் சொல்கிற அதே குரல். "அன்னிக்கு ராத்திரி ராடி பண்ணினான். பள்ளத்துல இருந்து. மூணு மூச்சு நல்லா விட்டுட்டுத்தான் எடுத்தேன். அதுக்குள்ள நின்னுடுச்சு. திரும்பப் பண்ணினேன், போகல. அவன் போன்ல எப்பவும் சார்ஜ் இருக்காது."

இத்தனை நாள் பக்கத்து இருக்கையில் வைத்துக் காரில் கூட்டிவந்தேன், என்னிடம்கூட அவள் வாயைத் திறக்கவில்லை.

"இதக் கார்ல வெச்சிட்டு வரவா?" என்று லோர்னா போனைக் காட்டிக் கேட்டாள்.

வெண்டலின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு, "வேண்டாம் லோர்னா. இங்கயே இருக்கட்டும்" என்றார்.

மறுபடியும் மணி அடித்தார். எல்லோரும் உட்கார்ந்தோம். லோர்னா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. சுற்றிலும் பார்த்தேன், வெண்டல் உள்பட ஒருவரும் மூடவில்லை. எல்லோரும் அவள் மடியில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அடிக்கவில்லை.