குகன் அண்ணையின் இடது காது

வியாழன் காலை தவராசா தொலைபேசியில் அழைத்தார். "குகன் அண்ணை மோசம் போயிட்டார்" என்று சாவுச் செய்தியைச் சொல்லி விக்கி விக்கி அழுதார். ஒரு காலத்தில் அண்ணையை அடித்துச் செவிடாக்கியவர் அவர்தான்.

அண்ணையோடு பழகி, இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும், அவருடைய வலப்பக்கம் நின்றுதான் கதைக்க வேண்டும். கேட்டால், "எனக்கு வாற புகார்களுக்கு ஒரு காதே போதும்" என்று சிரிப்பார். இடது காது போன கதையில் பாதிதான் உங்களுக்குத் தெரியும்.

தொலைபேசி வயர் வழியாக இணையம் வந்த நாட்கள். புலம்பெயர்ந்து வந்த நாட்டில், டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஒரு கணினிக் கடையில் நானும் அண்ணையும் வேலை செய்தோம். அந்த இணைப்பைத் தரும் மோடம் பெட்டியைச் செய்கிற இரண்டு கம்பனிகளுக்குள் வெட்டுக்குத்து. ஒன்று, "பழைய மோடத்தைக் கடைக்குக் கொண்டு வாருங்கள், புது மென்பொருளை இலவசமாக ஏற்றித் தருகிறோம்" என்றது. மற்றது விடுமா? "அவர்களுடைய மோடத்தை உடைத்து, உடைந்த பலகையை எங்களுக்கு அனுப்புங்கள். புதிதே தருகிறோம்" என்றது. புதியது தபாலில் வந்துசேரப் பல கிழமைகள் ஆகும்.

எங்கள் கடையில் இரண்டு வேலையும் நடந்தது; உடைக்கும் சுத்தியல் என் கையில் இருந்தது. என் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. யாரை அடிப்பது என்று தெரியாமல் திரிந்தவனுக்கு மோடம் வாய்த்தது. ஓடு சிதறும், பலகை பிளக்கும், சில்லு முகத்தில் வந்து தைக்கும். சனிக்கிழமைகளில் சனம் நின்று கைதட்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அது இனித்தது. அண்ணைக்குத்தான் பிடிக்காது. "உடைக்க முந்திக் கேளடா. உடைச்சாப் பிறகு கேட்டு என்ன பிரயோசனம்?" என்பார்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் தவராசா மோடத்தை மேசையில் வைத்துவிட்டுக் காரை ஒழுங்காக நிறுத்தப் போனார். நான் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றே அடி.

அவர் வந்ததோ இலவச மென்பொருளுக்கு. வெளிநாட்டுக்குக் கள்ளமாய் ஆள் அனுப்பும் ஏஜென்ட் நடுவழியில் ஆபிரிக்காவில் விட்ட தம்பியிடமிருந்து அன்று மத்தியானம் மின்னஞ்சல் வரவிருந்தது. உடனே பதில் போகாவிட்டால் ஏஜென்டின் ஆட்கள் அவனை விட்டுவிட்டு மற்றவர்களோடு கிளம்பிவிடுவார்கள். மின்னஞ்சல் வருகிற வீட்டுக் கணினியில் இணைப்பு அறுந்து அறுந்து போனதால்தான் கடைக்கு ஓடி வந்திருக்கிறார்.

"ஆரடா உடைச்சது?"

நான் சுத்தியலை மேசையில் வைத்தேன். வாய் திறக்கவில்லை. உள்ளறையிலிருந்து வந்த அண்ணை என்னைப் பார்த்தார், சுத்தியலைப் பார்த்தார். அதைக் கையில் எடுத்தார்.

"நான்தான் உடைச்சனான்."

மோடத்தின் அடாப்டர் அந்தக் காலத்தில் அரைச் செங்கல் பாரம். தவராசா அதை வயரோடு சுழற்றி வீசினார். முதல் அடி காதில் விழுந்தது. இரண்டாவது கன்னத்தைக் கிழித்தது. மூன்றாவதற்கு அண்ணை முழந்தாளிட்டார். கழுத்து வழியே இரத்தம் வழிந்து சட்டை நனைந்தது. கையில் சுத்தியல் இருந்தும் அவர் அதை ஓங்கவில்லை.

"அடிச்சு முடிஞ்சுதே? வாரும், தம்பியின்ரை மெயிலைப் பாப்பம்" என்றார்.

காதில் துவாயை அழுத்திக்கொண்டு, கடையின் சொந்த மோடத்தைக் கழற்றி எடுத்துத் தவராசாவின் வீட்டுக்குப் போனார். இணைப்பு வந்தது, பதில் போனது. ஆஸ்பத்திரிக்குப் போனது அதற்குப் பிறகுதான். காது கைவிட்டுப் போயிருந்தது.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். "வாற கிழமை உனக்கு விசாரணை. உன்ரை குணத்துக்கு நீ திருப்பி அடிப்பாய். பொலிஸ் வந்தால் உன்ரை கேஸ் முடிஞ்சுது" என்றார். பிறகு அதைப்பற்றி யாரிடமும் பேசவில்லை. எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. மார்க்கம் நகரில் வீடு வாங்கினேன்.

ஞாயிறு அண்ணையின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் தவராசாவின் அந்தத் தம்பியும் ஒருவர். தவராசா வலது கையை என் முன்னால் நீட்டி, "இந்தக் கையாலதான் அடிச்சனான்" என்று கதறினார். பக்கத்தில் நின்றும் நான் இரண்டாம் தடவையாக வாய் திறக்கவில்லை.

தவராசா அண்ணை, உங்கள் மோடத்தை உடைத்தவன் நான். அந்தச் சுத்தியல் என் வீட்டில்தான் இருக்கிறது. அதோடு குகன் அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, நல்லாய்க் கேட்கிற என் இரண்டு காதுகள்.