நீட்ஃபுல் செய்தாயிற்று

தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து, ஆங்கில மனுவும் டைப் அடித்துத் தருகிறவளுக்கு மெஷினில் தாள் சிக்குவதைவிடப் பெரிய தொல்லை ‘ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்’. நம் ‘ஆவன செய்யவும்’தான், இங்கிலீஷில். அதை எழுதலாமா கூடாதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. உங்களுக்கும் பிடிபட்டிருக்காது, தெரியும்.

மொட்டை மனு

எங்கள் தெரு ஸ்டெல்லா டீச்சர் ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டு வாசலில் மழைநீர்க் கால்வாயின் ஸ்லாப் உடைந்துவிட்டது. இடுப்பு ஆபரேஷன் ஆன அவர் கணவரின் சக்கர நாற்காலி அதைத் தாண்டாது. மனிதர் மாசக்கணக்கில் சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை. எனக்கே மனசு கேட்கவில்லை.

ஐ.டி.யில் இருக்கும் என் தம்பி, “அக்கா, நீட்ஃபுல்லெல்லாம் இப்ப யாரும் எழுதுறதில்ல, வேணுங்கறதை நேரா கேளு” என்று சொல்லியிருந்தான். புது ஸ்லாப் போட்டுத் தரவும் என்று நேராகவே அடித்தேன். டீச்சர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, கடைசி வரி எங்க? மொட்டையா நிக்குதே!”

கவுன்ட்டரில்

சமாதானம் சொல்லி அனுப்பினேன். மதியமே மனுவோடு திரும்பி வந்துவிட்டார். மாநகராட்சி ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்:

“ஸ்லாப் ஒடைஞ்சி கீது, புச்சு கேக்கறீங்க, அதெல்லாம் சரி மேடம். நாங்க இன்னா செய்யணும்னு எழுதவே இல்லியே?”

மரியாதை

தம்பியை மனசுக்குள் திட்டிக்கொண்டே நீட்ஃபுல்லைச் சேர்த்தேன். டீச்சருக்கு முகம் மலர்ந்தது. அத்தோடு விட்டாரா? புது ஸ்லாப் கேட்ட வரியை எடுக்கச் சொன்னார். எனக்குத் தலை சுற்றியது.

“அவங்களுக்கே தெரியாதாம்மா? நாம போய் இதைப் போடு அதைப் போடுன்னா அதிகாரம் பண்ற மாதிரி இருக்கும்.”

பதில்

அந்த வரியை எடுத்துவிட்டே மனுவைக் கொடுத்தோம். சில வாரத்தில், டீச்சர் கடையில் இருந்தபோது அவர் போனுக்குப் பதில் வந்தது: நீட்ஃபுல் செய்யப்பட்டது. இரண்டு பேரும் டீச்சர் வீட்டுக்கு ஓடினோம். பள்ளம் அப்படியேதான் இருந்தது. அதன் முன்னால், கேட்டை மறைத்து, ‘பள்ளம், ஜாக்கிரதை’ என்று புத்தம் புது போர்டு. டீச்சர் கண்கலங்கி நின்றார். கேட்டுக்குள் நாற்காலியில் இருந்த சார் அதை இரண்டு தரம் படித்தார்.

“ஸ்டெல்லா, வெளிய போக வழி கேட்டோம். ஜாக்கிரதையா உள்ளயே இருக்கச் சொல்லிட்டாங்க.”

இப்போது ஸ்லாப், நீட்ஃபுல் இரண்டையும் எழுதிப் புது மனு கொடுத்திருக்கிறோம். எதைப் படித்துவிட்டு யார் என்ன தூக்கிக்கொண்டு வருவார்களோ என்று மூன்று பேரும் தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.