கேமராவுக்கு வைத்த பொட்டு

சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். இனி வரும் ஒவ்வொரு எழுத்தும் நிஜம். ஒரு வார்த்தை பொய் என்றாலும் என் பல்செட் கழன்று வைகையில் விழுந்து வெள்ளத்தோடு போகட்டும். வைகையில் ஏது வெள்ளம் என்று கேட்காதீர்கள். வரும்வரை அது அங்கேயே கிடக்கும்.

கடைகளுக்குக் காவல் கேமரா விற்பதைப் போல ஒரு பாவப்பட்ட பிழைப்பு கிடையாது. களவு போகும்வரை “எதுக்குண்ணே?” என்பார்கள். களவு போன பிறகு “இனிமே எதுக்குண்ணே?” என்பார்கள். இந்த இரண்டு எதுக்குண்ணேக்கும் நடுவே ஒரு நொடி உண்டு. ஆர்டரை அதற்குள் பிடித்துவிட வேண்டும். இன்சூரன்ஸ் விற்கிறவர்களே, தண்ணீர் மிஷின் விற்கிறவர்களே, ஊரார் வாசலில் நின்றே செருப்புத் தேய்ந்தவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

வில்லாபுரத்தில் என் மருமகன் சரவணன் சின்னதாக ஒரு கேமரா கடை வைத்திருந்தான். மகள் செல்வியும் அவனும் என்னோடுதான் இருந்தார்கள். ஆர்டர் பிடிக்கும் வேலை எனக்கு. கடை படுத்துக்கொண்டே வந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான்: “விளாங்குடி வீரணன் குடோன் ஆர்டர் மட்டும் வரலைன்னா கடையச் சாத்திட்டுத் திருப்பூருக்குப் போயிருவேன் மாமா. செல்வியையும் கூட்டிக்கிட்டுத்தான்.” செல்வி ரசத்தை ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து வீரணன் குடோனே எனக்குக் கோயில்.

யாரிந்தக் களவாணி

வீரணன் வாடகைப் பாத்திரக் கடை முதலாளி. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அண்டா, நாற்காலி, பந்தல், ஜெனரேட்டர் எல்லாம் அவர் குடோனிலிருந்துதான் போகும். ஏற்கெனவே நாலு பழைய கேமரா மாட்டியிருந்தார். அவற்றில் விழும் படம் மோர்க்குழம்புக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். “இதெல்லாம் மாத்தணும் தம்பி” என்று முந்தின நாள் பதிவை ஓட்டிக் காட்டினேன். கலங்கலாக ஓர் உருவம் குனிந்து, ஒரு குத்துச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனது.

வீரணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். “யார்ரா இந்தக் களவாணிப் பய? பிடிச்சுக் கட்டுங்கடா!” கடை ஆட்கள் நாலு பக்கமும் ஓடினார்கள். அவர் சம்சாரம் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, “நீங்கதாங்க அது. கொழுக்கட்டை அவிக்கச் சட்டி கேட்டேன்ல?” என்றார். நான் விடவில்லை. “பாருங்க தம்பி, உங்களையே உங்களுக்கு அடையாளம் தெரியல.” வீரணன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். பிறகு நிம்மதியாகச் சொன்னார்: “எனக்கே தெரியலைன்னா களவாணி வந்தாலும் நான்னு நெனச்சுக்கிட்டுப் போயிருவேண்ணே. மனக்கஷ்டம் இல்ல பாருங்க.”

எங்கிட்டுத் திருப்புவது

விடுவேனா? புதுக் கேமரா ஒன்றை ஓசியில் மாட்டித் தருகிறேன், படத்தின் தெளிவைப் பாருங்கள் என்றேன். ஓசி என்றதும் முகம் மலர்ந்தது. குடோனின் பின்சுவரில்தான் மாட்டவேண்டும், அங்கேதான் ஆள் ஏறலாம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் தோளில் கை போட்டு முன்வாசலுக்கு அழைத்து வந்தார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அவருடைய பங்காளி தவமணியின் கடை. அதுவும் வாடகைப் பாத்திரக் கடைதான்.

கடை ஆட்களை டீக்கு அனுப்பிவிட்டு, பெயர்ப்பலகைக்குப் பின்னால், ஒரு ஈக்கும் தெரியாதபடி, கேமராவை அந்தக் கடையைப் பார்த்து மாட்டச் சொன்னார். அன்றுமுதல் செல்போனில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தவமணி பல் குத்தினால்கூட இவர் சிரிப்பார். “தம்பி, காவல் உங்க கடைக்குத்தான வேணும்?” என்று கேட்டேன். “என் கடைய நான் பாத்துக்கிறேண்ணே. அவன் கடைய யாரு பாக்குறது?”

காதர் பாய் வந்தார்

கேமரா வேண்டாம் என்றால் அலாரமாவது வையுங்கள் என்று ஒன்றைக் கொண்டுபோய் மாட்டினேன். ஆள் நுழைந்தால் உணர்ந்துகொண்டு, ‘திருடன்! திருடன்!’ என்று பெண் குரலில் கத்தும். எவ்வளவு சத்தம் என்று கேட்கிறீர்களா? அது முதல் தடவை கத்தியபோது நாகமலை ஒரு முறை நெளிந்து மறுபடி படுத்தது. மலையடியில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அதைக் கடை திறந்ததும் அணைக்க வேண்டும். மறந்துவிட்டார்கள். காலையில் முதல் ஆளாக வந்தவர் பழைய வாடிக்கைக்காரர் காதர் பாய். பிரியாணி மாஸ்டர். ஒரு நிக்காஹுக்கு தேக்சா, அதுதான் பிரியாணி ஆக்கும் பெரிய செம்புப் பாத்திரம், எடுக்க வந்திருந்தார். காலை உள்ளே வைத்ததும் ‘திருடன்! திருடன்!’ ரோட்டில் போன பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி வந்து பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். வீரணன் அலாரத்தின் ஒயரைக் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “யா அல்லாஹ்! தேக்சாவ இன்னும் தொடவே இல்ல, அதுக்குள்ள திருடனா? தூக்கிட்டுப் போனா கொலகாரன்னு கத்துமாண்ணே?”

ஆயுத பூசை

பிறகுதான் அந்த நல்ல நொடி வந்தது. பக்கத்து அரிசி குடோனில் களவு போனது. வீரணன் தானாகவே போன் பண்ணினார். “குடோன் பூராவும் மாட்டுங்கண்ணே. தீபாவளி வரைக்கும் பாக்குறேன். நல்லாருந்தா வச்சுக்கிறேன், இல்லைன்னா கழட்டிட்டுப் போயிருங்க. அந்தக் கத்துற பொம்பள மட்டும் வேணாம்.” சரவணன் கடையில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய் மாட்டினான். செல்வி திருப்பூர்ப் பேச்சையே விட்டுவிட்டாள்.

ஆயுத பூசை வந்தது. கடை ஆட்கள் அண்டாவைக் கழுவினார்கள், ஜெனரேட்டரைத் துடைத்தார்கள், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மறுநாள் விடுமுறை. மத்தியானம் ஊரே உண்டு படுத்திருந்த நேரத்தில், பின்சுவர் கதவை நெம்பித் தேக்சாக்களையும் ஜெனரேட்டரையும் யாரோ வாரிக்கொண்டு போய்விட்டார்கள். கத்துவதற்கு அலாரம் இல்லை. கேமரா இருக்கிறதே என்று நானும் சரவணனும் விசாரிக்க வந்த போலீஸ் ஏட்டய்யாவுக்கு முன்னால் கெத்தாகப் பதிவைத் திறந்தோம். அத்தனை கட்டத்திலும் ஒரே மஞ்சள் வானம், நடுவில் ஒரு சிவப்புச் சூரியன். “விடியக்காலம் நல்லா விழுந்திருக்கு” என்றார் ஏட்டய்யா.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தோம். ஒவ்வொரு கேமராவின் கண்ணாடியிலும் கெட்டிச் சந்தனம், அதன் நடுவே குங்குமம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். “ஏம்ப்பா, கண்ணுலயா பொட்டு வைப்பீங்க?” என்று கேட்டதற்குக் கடையின் மூத்த ஆள் ரோஷமாகவே பதில் சொன்னார்: “நெத்திலதாண்ணே வைக்கணும். அதுக்கு நெத்தி எங்கிட்டு இருக்கு, நீங்களே காட்டுங்க.”

பொட்டு இல்லாத கண்

ஏட்டய்யா போன பிறகுதான் சரவணனுக்கு உறைத்தது. பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கும் கேமரா! அது இருப்பதே கடை ஆட்களுக்குத் தெரியாது, பொட்டு எப்படி வைப்பார்கள்? வீரணனின் செல்போனில் திறந்தோம். அடடா, என்ன தெளிவு! குடோன் சந்திலிருந்து ஒரு குட்டியானை வண்டி ரோட்டில் திரும்புகிறது. வண்டி நம்பர் தெரிகிறது. தேக்சாக்கள் பளபளக்கின்றன. ஓட்டுகிறவனின் காதில் செருகிய பீடிகூடத் தெரிகிறது. சரவணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “ஆர்டர் நிலைச்சிருச்சு மாமா” என்றான். நான் ஏட்டய்யாவைக் கூப்பிடப் போனேன்.

வீரணன் குறுக்கே வந்து நின்றார். வண்டிக்குப் பின்னால், படத்தின் நட்டநடுவில், தவமணி சட்டையில்லாமல் உட்கார்ந்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். “இதக் காட்டுனா, அவன் கடைய எதுக்குப் படம் பிடிச்சேன்னு கேப்பாங்கண்ணே. நாளைக்குக் குலசாமி கோயில்ல பங்காளி மொகத்துல எப்படி முழிக்கிறது? அழிச்சிருங்க.” எம்புட்டோ கெஞ்சினேன். வண்டியை மட்டும் வெட்டிக் காட்டுவோம் என்றான் சரவணன். “அதுவும் எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்கல்ல மாப்ள?” என்றார். கடைசியில் சரவணனே தன் விரலால் அழித்தான். அழித்த கையோடு வீரணன் சொன்னார்: “எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிருங்கண்ணே. தெரிய வேண்டியது ஒண்ணும் தெரியல, தெரியக் கூடாததெல்லாம் தெரியுது.”

எங்கள் வீட்டில்

சரவணன் கடையைச் சாத்தினான். திருப்பூருக்குப் புறப்படும் முன் கழற்றி வந்த கேமராக்களில் ஒன்றை எங்கள் வீட்டு அடுப்படியில் மாட்டினான். “ஒத்தையா இருக்கீங்க மாமா, செல்வி பயப்படுது” என்றான். பஸ் ஏற்றிவிட்டு வந்து டீ போட்டேன். என் சர்க்கரை வியாதிக்கு ஆகாத இரண்டாவது கரண்டி சீனியை அள்ளினேன். சுவரிலிருந்து செல்வியின் குரல் “அப்பா, டப்பாவ மூடுங்க” என்றது. பஸ்ஸில் இருந்தபடியே செல்போனில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது பேசும் கேமரா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் சளைத்தவனா? மறுநாள் குளித்தேன், சந்தனம் குழைத்தேன், ஸ்டூல் போட்டு ஏறி, அதன் கண்ணில் நல்ல வட்டமாக ஒரு பொட்டு வைத்துக் குங்குமமும் வைத்தேன். டப்பாவைத் திறந்தேன். இரண்டு கரண்டி சீனி அள்ளிப் போட்டேன். பிறகு செல்வியின் குரல் வந்தது. சீனியைப் பற்றியே பேசவில்லை. டப்பாவை வைத்துவிட்டு மறுபடி ஸ்டூலில் ஏறித் துண்டால் துடைத்துவிட்டேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: “அப்பா, ஒங்க மொகம் தெரியலப்பா.”

இதையெல்லாம் நான்தான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். வீரணனும் தவமணியும் வருகிற சிவராத்திரிக்கு ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்கள். கேட்டால், வில்லாபுரத்தில் ஊருக்கெல்லாம் காவல் விற்கப் போய்க் கடைசியில் தானே காவலில் இருக்கும் ஒரு கிழவன் ஏதோ உளறினான் என்று சொல்லிவிடுங்கள்.