தள்ளிப்போட்ட நேர்த்தி

அந்தச் சின்ன வட்டத் தொப்பி என் தலையில் நிற்கவே மாட்டேன் என்றது. யூதர்களின் தொழுகைக்கூட வாசலில், விருந்தாளிகளுக்கென்று ஒரு கூடை நிறைய அப்படியான தொப்பிகள் வைத்திருந்தார்கள். வைக்க வைக்க வழுக்கி விழுந்தது. என் முதலாளி தன் பைக்குள் கைவிட்டு, பட்டறையில் நாங்கள் துணி பிடிக்கப் பாவிக்கும் கிளிப் ஒன்றை எடுத்து, தொப்பியையும் என் தலைமயிரையும் சேர்த்துக் கவ்வவிட்டார். "சோபாத் துணியே நிக்குது, உன்ரை தலையிலை நிக்காதோ?" என்றார். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் நினைவில் அந்த மனிதர் எப்போதும் எங்கள் மன்னார்த் தமிழில்தான் கதைக்கிறார். நானும் சிரித்தேன், ஆனால் நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தது. வெளிக் கேற்றில் சீருடைக் காவலாளி ஒருவர் மறித்து, யார், எதற்கு வந்தாய் என்று விசாரித்துத்தான் உள்ளே விட்டிருந்தார். அந்த நாட்களில் சீருடையைக் கண்டாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிடும்.

முதலாளிக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. சிட்னியில் பிறந்து வளர்ந்தவர். பழைய கதிரைகளையும் சோபாக்களையும் உரித்து, புதுப் பஞ்சும் துணியும் போட்டுக் கொடுக்கும் பட்டறை அவருடையது. என் விசா நிலைமை தெரிந்தும் வேலை தந்தவர். வாயைத் திறந்தால் பகிடிதான். அப்படிப்பட்டவருக்கு நெஞ்சைப் பிளந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு பகிடி குறைந்துபோனது. கண்ணை மூடினால் திரும்ப எழும்பமாட்டேனோ என்று பயமாக இருக்கிறது என்று ஒருநாள் என்னிடம் மெல்லச் சொன்னார். கார் ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்ததால், "திங்கக்கிழமை காலமை என்னைத் தொழுகைக்குக் கூட்டிக்கொண்டு போவியோ?" என்று கேட்டார். போன இடத்தில் வாசலோடு நின்றுவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். அவர் விடவில்லை.

காரில் போகும்போதுதான் காரணத்தைச் சொன்னார். அவர்கள் சமயத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடல் கடந்து வந்தவன், பாலைவனம் கடந்தவன், நோயிலிருந்து எழும்பியவன், சிறையிலிருந்து வெளியே வந்தவன், இவர்கள் சபைக்கு நடுவில் எழுந்து கடவுளுக்கு வாய்விட்டு நன்றி சொல்லவேண்டும். தனியாக வீட்டில் முணுமுணுத்தால் சரிவராது, குறைந்தது பத்துப் பேராவது கேட்கவேண்டும். கேட்டதும் நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடலும் சிறையும் எனக்கும் பொருந்தியதே!

நானும் மனைவியும் படகில் வந்தவர்கள். நடுக்கடலில் படகுக்குள் தண்ணீர் ஏறியபோது, கரை சேர்ந்தால் சனத்துக்குச் சோறு கொடுக்கிறேன் என்று எங்கள் ஊர்ப் பக்கத்து மடு மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். நான் தண்ணீர் இறைத்துக் களைத்த நேரம், என் கையிலிருந்த வாளியை வாங்கி இறைக்கத் தொடங்கியவர் எங்களோடு வந்த ஒரு அண்ணர். சற்று நேரத்தில் வந்த பெரிய அலை அவரை அடித்துக்கொண்டு போய்விட்டது. அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். அவ இப்போது எங்களுக்குப் பக்கத்தில், வெஸ்ட்மீட்டில் இருக்கிறா. கரை சேர்ந்தோம், வில்லாவுட் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்தோம், வெளியேயும் வந்தோம். நேர்த்திக்கடன் மட்டும் அப்படியே கிடந்தது. எங்கள் ஆட்களுக்குள் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது: மொட்டையோ, பூசையோ, சோறோ, எல்லா நேர்த்தியும் "பி.ஆர் வந்த பிறகு". நிரந்தர விசா கைக்கு வருமுன் சந்தோசப்பட்டால் அது வராமலே போய்விடும் என்று ஒரு பயம். நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் எனக்கு உள்ளே இன்னொரு பயமும் இருந்தது. புருசனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு பெண்ணின் முன்னால், நான் பிழைத்தேன் என்று எந்த முகத்தோடு சோறு போடுவது? அக்கா கடைத்தெருவில் எதிரே வந்தால் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவேன். செபமாலை கையில் எடுத்தாலும் வாய் வராது. கடவுளிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, ஏன் அவர், ஏன் நான் இல்லை?

"என்ரை அப்பா ஐரோப்பாவிலை எல்லாரையும் சாகக் குடுத்திட்டுக் கப்பலிலை வந்தவர்" என்றார் முதலாளி. "கடைசிவரைக்கும் இந்த நன்றியைச் சொல்லேல்லை. எழும்பிச் சொல்லுங்கோவன் எண்டால், 'அப்ப செத்துப்போன மற்றவை?' எண்டு கேப்பார். அந்தக் கேள்வியோடையே கண்ணை மூடிட்டார்." பிறகு என்னைப் பார்த்தார். "அவருக்கு ஒண்டு விளங்கேல்லை. அந்தச் செபம் என்ன சொல்லுது தெரியுமோ? தகுதியில்லாதவனுக்கும் நன்மை செய்யிற கடவுள் எண்டு. தகுதி உள்ளவன்தான் சொல்லலாமெண்டால், அந்த மண்டபத்திலை ஒருத்தன் எழும்பேலாது." நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். பேசினால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

உள்ளே வேதச்சுருளை விரித்து வாசித்தார்கள். முதலாளியைக் கூப்பிட்டதும் எழுந்து போனார். பட்டறையில் மேசை அதிரக் கத்துகிற மனிதர், அங்கே குரல் கம்ம இரண்டு வரி சொன்னார். சொல்லி முடித்ததும் மண்டபம் முழுக்க ஒரே குரலில் பதில் சொன்னது. உனக்கு நன்மை செய்தவர் இனியும் செய்வாராக என்பது அதன் பொருளாம். தாக்குதலுக்குப் பயந்து வெளியே காவல் போட்டுக்கொண்டு, உள்ளே இப்படி வாய்விட்டு வாழ்த்துகிறார்களே என்று நினைத்தேன். பயம் இல்லாதவர்கள் அல்ல அவர்கள். பயம் போகட்டும் என்று காத்திருக்காதவர்கள். முதலாளி திரும்பி வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

திரும்பி வரும்போது கேட்டேன், "முழுக்கச் சுகமாகிட்டுதெண்டு டொக்டர் சொல்லிட்டாரோ?"

"ஆர் சொன்னது? கட்டிலாலை எழும்பினால் சொல்லவேணும். சாகமாட்டாய் எண்டு உறுதி தந்த பிறகு சொன்னால் அது நன்றி இல்லை, ரசீது" என்றார். பகிடி திரும்பி வந்துவிட்டது.

அன்று பின்னேரம் மனைவியிடம், "நேர்த்தியைக் குடுப்பம்" என்றேன். "பி.ஆர் வந்திட்டுதே?" என்று கண்ணை விரித்தா. "வரேல்லை. கரை வந்திட்டுதெல்லோ" என்றேன். அவ குசினிக்குள் போய் உடனேயே பெரிய சட்டிகளை இறக்கத் தொடங்கினா. எத்தனை நாளாக இதற்காகக் காத்திருந்தாவோ!

ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சோறு கொடுத்தோம். முதலாளியும் வந்தார். எங்கள் சாப்பாடு அவருடைய சமய முறைக்கு ஒத்துவராது என்று வாழைப்பழம் ஒன்றை உரித்துச் சாப்பிட்டுவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் தட்டு எடுத்து நீட்டினார். பரிமாறுமுன் நான் எழுந்து நின்றேன். "கடலிலை இருந்தும் சிறையிலை இருந்தும் மாதா எங்களைக் கொண்டுவந்தவ. தகுதி பாத்துக் கொண்டுவரேல்லை. நன்றி சொல்லுறன்" என்றேன். அகப்பையைக் கையில் எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால், வரிசையில் முதல் ஆளாக அக்கா தட்டோடு நின்றா. என் கையில் அகப்பை அப்படியே நின்றுவிட்டது.

"தம்பி, நான் நொந்துபோவனெண்டுதான் இவ்வளவு காலமும் குடுக்காமல் இருந்தனீங்களாம், உங்கட மனுசி சொன்னவ" என்றா. "அவர் இறைச்ச தண்ணியாலைதானே நாங்கள் எல்லாரும் கரைக்கு வந்தனாங்கள். நீங்கள் நன்றி சொல்லாட்டி, அந்த மனுசன் சும்மா செத்தமாதிரியெல்லோ ஆகும்? அவருக்கும் சேத்துப் போடுங்கோ."

போட்டேன். கண்ணீர் வழிய வழியத்தான் போட்டேன். எத்தனையோ வருடமாக நெஞ்சில் ஏறியிருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிவிட்டதுபோல் இருந்தது. விசா இன்றுவரை வரவில்லை. முன்பெல்லாம் சீருடைக்காரரோ என்று பயந்து திறக்காத வாசலை, மணி அடித்தால் இப்போது நானே போய்த் திறக்கிறேன். ஆனால் அந்த மத்தியானம் எனக்கு அதெல்லாம் நினைவிலேயே இல்லை. அகப்பையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அந்தப் படகில் பயந்து ஒடுங்கிக் கிடந்த எங்களை அண்ணர் எப்படியெல்லாம் சிரிக்கவைத்தார் என்று, முதல்தடவையாக அவவோடு கதைக்கத் தொடங்கினேன்.