கடனுக்கும் கறிமீன்

காமில் முதலாளி கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்காதவர். மன்னாரின் பேசாலைக் கரையில் அவரைத் தெரிந்தவர்கள் முதலில் அதைத்தான் சொல்வார்கள். வட்டியும் வாங்கமாட்டார், அவருடைய மார்க்கத்தில் அது ஹராம். வலை அறுந்தாலும், எஞ்சின் பழுதானாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், மீன் வாங்கி நிறுக்கும் அவருடைய கரையோர வாடியில் போய் நின்றால் போதும், பணம் கைக்கு வந்துவிடும். ஒரேயொரு வழக்கம் இருந்தது. அவரிடம் கடன் நிற்கும்வரை படகில் வரும் நண்டும் மீனும் அவருடைய வாடிக்குத்தான் போகவேண்டும். விலையை அவர்தான் சொல்வார். வெளியில் நண்டு கிலோ ஆயிரத்து நானூறு போகும் நாளில் அவருடைய விலை ஆயிரத்து நூறாக இருக்கும்.

மதுஷிகா கல்யாணம் முடித்து ஜெனிஸ்ரனின் வீட்டுக்கு வந்தபோதே அந்தக் கடன் அங்கே இருந்தது. அலுமாரி, கட்டில், கதிரைகளோடு அதுவும் ஒன்றாக இருந்தது என்று அவள் பின்னாளில் சொல்லிச் சிரிப்பாள். இரண்டு முறை அது முடியும் தறுவாய்க்கு வந்தது. முதல் முறை இழுவைப் படகுகள் வலைகளை வாரிக்கொண்டு போக, புது வலைக்கென்று மறுபடி ஏறியது. இரண்டாம் முறை, நாட்டில் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் எல்லாம் மணலில் கிடந்த வருடம் வந்தது. அந்த வருடம் முதலாளி தானாகவே அரிசி மூட்டை அனுப்பினார். அதுவும் கணக்கில் சேர்ந்தது. எல்லாமாக நாலு இலட்சத்துக்கு மேல்.

மறுபடி எண்ணெய் கிடைத்து, கடல் தொழில் ஓடத் தொடங்கிய நாட்களில் ஒரு காலை. மதுஷிகாவும் ஜெனிஸ்ரனும் தோமசும் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். தோமஸ் எதிர்வீட்டுக்காரர், ஜெனிஸ்ரனோடு படகில் போகும் மற்ற ஆள். ஜெனிஸ்ரன் நண்டுக் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"இந்த மாசம் மிஞ்சினால் காமில் நானாவுக்குக் கொஞ்சம் கட்டுவம்."

"தோமஸ் அண்ணைக்கும் மிஞ்சினால்தானோ பங்கு குடுக்கிறனீங்கள்?" என்றாள் மதுஷிகா.

"அதென்ன கதை? அவர் கடலுக்கு வந்த ஆள். வேலை செய்தவருக்குக் குடுத்துப்போட்டுத்தான் மற்றது."

"கடனும்தான் இத்தனை வருசமா உங்களோட கடலுக்கு வருது. ஒரு நாளும் சுகமில்லையெண்டு நிண்டதில்லை."

தோமஸ் கையிலிருந்த நண்டைக் கூடைக்குள் போட்டுவிட்டுச் சிரித்தார். "அதுதானடா போட் இவ்வளவு பாரமா ஓடுது."

சிரிப்பு அடங்கியபின் ஜெனிஸ்ரன் அவள் சொன்னதை மனதில் போட்டுப் பார்த்தான். அவள் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு இருவருக்கும் பிறந்ததிலிருந்து பழக்கமானது. எண்ணெய், ஐஸ் செலவைக் கழித்தபின் வருமானத்தைச் சரிபாதியாகப் பிரிப்பார்கள். ஒரு பாதி படகுக்கும் வலைக்கும், மறுபாதி போன ஆட்களுக்கு. இரண்டு பேர் போனால் நாலு பங்கு. ஒன்று தோமசுக்கு. மற்ற மூன்றும் ஜெனிஸ்ரனின் வீட்டுக்கு வரும்; வந்த இடம் தெரியாமல் போகும்.

அன்றைக்கு அந்த மூன்றுக்கும் ஆள் குறித்தார்கள். ஒரு பங்கு வீட்டுக்கு. ஒரு பங்கு வலை, எஞ்சின் திருத்தங்களுக்கு. ஒரு பங்கு கடனுக்கு. தோமசுக்கு எவ்வளவோ கடனுக்கும் அவ்வளவு. நல்ல மீன்பாடு என்றால் கடனுக்கும் நல்ல பாடு. கடல் ஏமாற்றினால் தோமஸ் வெறுங்கையோடு போவதுபோலக் கடனும் வெறுங்கையோடு போகும், அதற்காக யாரும் தலையில் கைவைக்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் மாதம் இவ்வளவு என்று தொகை வைத்துக் கட்டிப் பார்த்திருந்தார்கள். சோளகக் காற்று பத்து நாள் தொடர்ந்து அடித்தால் அந்தத் தொகை தவறும். ஒரு மாதம் தவறினால் மனம் விட்டுவிடும், அடுத்த மாதமும் தவறும். பங்கு அப்படித் தவறாது. அது கடலோடு ஏறும், கடலோடு இறங்கும்.

பணம் போட மதுஷிகா வெறுமையான ஒரு பால்மாத் தகரப் பேணியை எடுத்தாள். ஜெனிஸ்ரன் தானே அதில் போடவேண்டும் என்பது அவளுடைய ஏற்பாடு. "தோமஸ் அண்ணைக்கு நீங்கள்தானே கையில குடுக்கிறியள். இதையும் நீங்களே குடுங்கோ."

"ஆள்பங்கு மட்டும் குடுத்தால் காணாது," என்று தோமஸ்தான் அடுத்த நாள் கிளப்பிவிட்டார். "ஆள் எண்டால் கறிமீனும் வேணும். வழக்கத்தை மாத்தாதேங்கோ."

கறிமீன் என்பது தராசுக்குப் போகுமுன் ஒவ்வொரு ஆளும் வீட்டுக் கறிக்கென்று எடுக்கும் மீன். நண்டு வலையில் ஓராவும் திருக்கையும் சின்னப் பாரையும் கூடவே படும். அதில் ஆளுக்கொரு கூறு. எந்த முதலாளியும் அதில் கைவைப்பதில்லை.

ஜெனிஸ்ரன் பகிடியை மெய்யாக்கிவிட்டான். அன்று மணலில் மூன்று கூறு வைத்தான். முதலாளிக்காக நிறுவை பார்க்கும் அஸ்மி, நரைத்த தாடியைத் தடவிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேர் போய் மூணு கூறா? மத்தவர் எங்க?"

"அவர் கரைக்கு இறங்கிறேல்லை நானா," என்றான் ஜெனிஸ்ரன்.

வீட்டுக்கு இரண்டு கூறு வந்ததைப் பார்த்ததும் மதுஷிகாவின் முகம் மாறியது.

"இது ஆரின்ர மீன்?"

"கடனின்ர. நீதானே ஆள் எண்டனி."

"கடன் எங்கட. தோமஸ் அண்ணையின்ர இல்லை. மூண்டு கூறு வைச்சால் அவரின்ர கூறும் சின்னனாகுது, தராசுக்குப் போறதும் குறையுது. கறிமீன் குடுக்கிறதெண்டால் எங்கட கூறிலயிருந்து குடுப்பம்."

"அப்ப நாங்கள் என்னத்தைத் தின்னுறது?"

"பருப்பு இருக்கு. முருங்கையிலை இருக்கு."

ஜெனிஸ்ரன் தோமசின் வீட்டுக்குப் போய், கூடுதலாக எடுத்ததில் பாதியைக் கொடுத்து, மீதியைக் கொண்டுபோய் அஸ்மியின் தராசில் போட்டுவிட்டு வந்தான். அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பி வரும்போது முதுகு நிமிர்ந்திருந்தது. அதை மதுஷிகா கவனித்தாள்.

அதற்குப் பிறகு வாரத்தில் நாலு நாள் அவர்களுடைய கூறு சட்டிக்குப் போகவில்லை. மதுஷிகா அதைக் கீறி, உப்பிட்டு, வலைத்துண்டு விரித்த தட்டியில் காயவைத்தாள். மண் படாமல், ஈ மொய்க்காமல், ஒரு வெயில் குறையாமல், ஒரு வெயில் கூடாமல் பார்த்து எடுத்தாள். எருக்கலம்பிட்டியில் கடை வைத்திருந்த ஹமீதா முதல் நாளே விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "என்ன விலை புள்ள?" என்று கேட்டாள். தன்னுடைய பொருளுக்குத் தானே விலை சொல்வது அதுதான் முதல் தடவை. சொன்னாள். ஹமீதா இருபது ரூபாய் குறைத்தாள், மதுஷிகா பத்து ஏற்றினாள், இருவரும் சிரித்துக்கொண்டார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்று அவளுக்குத் தெளிவாகியது. கடன் தீரவேண்டும் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். உண்மையில் அவள் கேட்டது இதைத்தான்: ஜெனிஸ்ரனும் ஒரு நாள் தன் நண்டுக்கு இப்படி விலை சொல்லவேண்டும்.

வீட்டில் முணுமுணுப்பு இல்லாமலில்லை. ஒன்பது வயது ஜெசிக்கா ஒரு மத்தியானம் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "கடனுக்குப் பாரை, எங்களுக்குப் பருப்போ?"

"கடன் வளந்திட்டுது. நீ இனித்தான் வளரவேணும். பருப்புத்தான் நல்லது," என்றான் ஜெனிஸ்ரன். மறுநாள் மகளுக்கென்று ஒரு ஓராவை ஒளித்துப் பொரித்தான். மதுஷிகா மணத்திலேயே கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தும், சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

கதை முதலாளியின் காதுக்கு வேறு உருவத்தில் போயிற்று. ஜெனிஸ்ரன் மீனை வெளியில் விற்கிறான் என்று. ஒரு பின்னேரம் காமில் முதலாளி மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளைத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். கோபத்தைவிட மனவருத்தம்தான் முகத்தில் தெரிந்தது.

"தம்பி, எனக்கு ஒளிச்சு மீன் போகுதாம். உண்மையா?"

மதுஷிகா தேத்தண்ணியை வைத்துவிட்டு, தட்டியோடு கருவாட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுதான் நானா போறது. எங்கட கறிமீன். நாங்கள் தின்னாமல் காயவைக்கிறம். காசு உங்கட கடனுக்குத்தான்."

முதலாளி ஒரு துண்டை எடுத்து மணந்து பார்த்தார். "கறிமீன் ஆளுக்குரியது. அதில நான் கைவைக்க மாட்டேன்." துண்டைத் திரும்பத் தட்டியில் வைத்துவிட்டு, "ஆனா தங்கச்சி, நான் எப்பயாச்சும் கடனைக் கேட்டேனா?" என்றார்.

"கேக்கேல்லை நானா. கேட்டிருந்தால் எப்பவோ கட்டி முடிச்சிருப்பம்."

அவர் அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். போகும்போது ஒரு பொதி கருவாடு கேட்டார். மதுஷிகா விலை சொன்னாள். அவர் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

கடனைக் கட்டி முடிக்க இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடித்தது. பேணி நிறைய நிறைய ஜெனிஸ்ரன் வாடிக்குக் கொண்டுபோனான். "இப்ப என்ன அவசரம், புள்ளைக்குச் செலவிருக்குமே," என்று முதலாளி ஒவ்வொரு முறையும் சொன்னார். ஜெசிக்கா கோயிலில் முதல் நன்மை வாங்கும் சடங்குக்கு முப்பதாயிரம் தருகிறேன் என்றார். மதுஷிகா அக்கா மகளின் வெள்ளைச் சட்டையைத் தோய்த்து, பிடித்துத் தைத்து, பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள்.

கடைசித் தொகையைக் கட்டும் நாளுக்கு முதல்நாள்தான் அவளுக்குப் பயம் வந்தது. எஞ்சின் இருமத் தொடங்கியிருந்தது. முதலாளியின் வாடியில் புது எஞ்சின் இருப்பது கரை முழுக்கத் தெரியும். ஜெனிஸ்ரனோ அந்த மனிதருக்கு இல்லையென்று சொல்லத் தெரியாதவன். அதற்குக் காரணமும் இருந்தது. முன்பொரு மாரிமழையில் ஜெனிஸ்ரனின் தாய் மூச்சுத் திணறிக் கிடந்தபோது, தன் வான் வண்டியில் ஏற்றி மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் காமில்தான். எண்ணெய்க் காசுகூட வாங்கவில்லை.

"அந்த மனிசனுக்கு நான் எப்பிடி முகத்துக்கு நேர வேண்டாமெண்டிறது?" என்றான் ஜெனிஸ்ரன்.

"இஞ்சேருங்கோ. அது நன்றிக் கடன். இது வலைக் கடன். ரெண்டையும் ஒரு தராசில போடாதேங்கோ. நன்றியை நண்டால கட்டேலாது."

அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அது தன் முடிவாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

வாடியில் முதலாளி பணத்தை எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார். கணக்கை வெட்டினார். பிறகு, அவள் பயந்த மாதிரியே, மூலையில் மூடியிருந்த சாக்கை விலக்கிப் புது எஞ்சினைக் காட்டினார்.

"பழசை வெச்சுக்கொண்டு எத்தனை நாளைக்குத் தம்பி? கொண்டு போங்க. காசைப் பிறகு பாப்போம்."

ஜெனிஸ்ரன் எஞ்சினின் மேல் கையை வைத்தான். வழுவழுப்பாக இருந்தது. மதுஷிகா வாசலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நானா," என்றான் ஜெனிஸ்ரன். "அம்மாவை நீங்கள் வானில ஏத்திக்கொண்டு போனதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். அதுக்கு எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவன். எஞ்சின் வேண்டாம். திருத்தத்துக்கு ஒரு பங்கு சேத்து வைச்சிருக்கிறன், அதில பாக்கிறன்."

முதலாளி சாக்கைத் திரும்பவும் இழுத்து மூடினார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஓம். ரெண்டு வருசமா யோசிச்சது."

அடுத்த நாள் காலை படகு கரைக்கு வந்தபோது, வழக்கமாக அஸ்மி மட்டும் நிற்கும் இடத்தில் பட்டணத்து வியாபாரி பைறூசும் நின்றார். கடன் தீர்ந்த செய்தி அதற்குள் அவ்வளவு தூரம் போயிருந்தது. அவர் கூடையைக் கிளறி, பெரிய நண்டு ஒன்றைத் தூக்கி அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"நல்ல சதை. என்ன விலை சொல்றீங்க?"

ஜெனிஸ்ரன் கூடைக்குள் பார்த்தான். காற்றின் திசை கேட்டால் சொல்வான், எந்தக் கடற்பாரில் எந்த மீன் என்று கேட்டால் சொல்வான். கடலில் அத்தனை வருடம் தொழில் செய்தவனிடம் யாரும் இதை மட்டும் கேட்டதில்லை. அவன் மதுஷிகாவைப் பார்த்தான்.

அவளுக்கு விலை நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினாள்.

"நீங்கள் சொல்லுங்கோ. உங்கட நண்டு."

தோமஸ் வலையை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"ஆயிரத்து நானூற்றைம்பது," என்றான் ஜெனிஸ்ரன்.

"என்ன தம்பி, நேத்து இந்தக் கரையில ஆயிரத்து நானூறுதானே போச்சு."

"நேத்து நான் விக்கேல்லை."

தோமஸ் இருமுவதுபோலச் சிரித்தார். பைறூஸ் இன்னொரு நண்டைத் தூக்கிப் பார்த்து, நேற்றைய விலையில் பத்து ஏற்றினார். அப்போது பின்னாலிருந்து அஸ்மி செருமினார். "முதலாளி ஆயிரத்து நானூற்றி இருபதுக்குக் கேக்கச் சொன்னார். என்ன சொல்றீங்க?"

ஜெனிஸ்ரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கூடையின் ஓரத்தில் இருந்துகொண்டு, ஈரக் கைகளை இடுப்புச் சாரத்தில் துடைத்தான்.

"பொறுங்கோ," என்றான். "யோசிச்சுச் சொல்லுறன்."

இரண்டு வியாபாரிகளும் பொறுத்தார்கள். மதுஷிகா கருவாடு நிறுக்கும் தன் தராசைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவன் ஆற அமர யோசிக்கட்டும் என்று நின்றாள்.